அவள் வேகத்தில்

பத்து மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. தெய்வேந்திரன் மூன்றாவது விடைத்தாளின் எட்டாம் பக்கத்தில் சிவப்புப் பேனாவை ஊன்றிக்கொண்டு, ஊன்றியது ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். கேள்வி எண் இருபத்தொன்பது. கட்டற்ற அலைவு, திணிப்பு அலைவு இவ்விரண்டையும் வேறுபடுத்துக, மூன்று மதிப்பெண். இருபத்தாறு வருஷமாகப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தொண்டை வரளச் சொல்லிக்கொடுத்தவர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்து அந்த நாலு வரி மண்டைக்குள் ஏற மாட்டேன் என்கிறது. விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி, ஏழாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மேசையில் இடிக்கிறது. திருத்துகிறவர்கள் ஏழு பேர், மேற்பார்வைக்கு முதன்மைத் தேர்வாளர் எஸ்தர் ராணி. ஆளுக்குக் காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு தாள். செல்போனைக் கீழே வாசலிலேயே பெயர் எழுதின சீட்டோடு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனி மதிய இடைவேளைக்குத்தான் கைக்கு வரும். இங்கே இப்படி. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மதுரையில், ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில், அவர் பெண்டாட்டி தமயந்தி வாய்க்குள் குழாயோடு படுத்திருக்கிறாள். பத்து மணிக்கு அவளிடமிருந்து மூச்சு மிஷினைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரம் தானாக மூச்சுவிடுகிறாளா என்று பார்க்கப் போகிறார்கள். விட்டால் குழாயை எடுத்துவிடுவார்கள். விடாவிட்டால் நாளைக்குக் கழுத்தில் துளை போட்டு மிஷினை அங்கே மாட்டுவார்கள், அப்புறம் எத்தனை மாசம் என்று டாக்டருக்கே தெரியாது.

இந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது. கட்டற்ற அலைவு என்பது பொருளை ஒருமுறை இடம்பெயரச் செய்து விட்டுவிட்டால் அது தன் இயல்பு அதிர்வெண்ணில் தானே அலைவுறுவது. சரி. திணிப்பு அலைவு என்பது புறவிசை ஒன்று தொடர்ந்து செயல்படும்போது பொருள் தன் அதிர்வெண்ணை விட்டுப் புறவிசையின் அதிர்வெண்ணில் அலைவுறுவது. சரி, சரி, இதுவும் சரி. ஒன்றரை, ஒன்றரை, மூன்று. மூன்று என்று ஓரத்தில் எழுதப் போன பேனா நின்றுவிட்டது. தன் அதிர்வெண்ணை விட்டு. பிள்ளைகளிடம் இந்த இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்திச் சொல்வது வழக்கம்: முதலில் இரண்டும் இருக்கும்டா, பொருளோட சொந்த ஆட்டமும் இருக்கும், நாம ஆட்டுற ஆட்டமும் இருக்கும், ரெண்டும் குழம்பிக் கிடக்கும், கொஞ்ச நேரம் போனா சொந்த ஆட்டம் தேஞ்சு தேஞ்சு போயிரும், மிச்சம் இருக்கிறது பூராவும் ஆட்டுறவனோடது. இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம் வரும், புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்ட சந்தோஷம். கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவார், தேய்ந்து போகிற கோடு ஒன்று, தேயாத கோடு ஒன்று. மிஷின் மாட்டிப் பதின்மூன்று நாள் ஆயிற்று. நிமிஷத்துக்குப் பதினாலு மூச்சு என்று வைத்திருந்தார்கள். பச்சை எழுத்தில் பதினாலு, பதினாலு, பதினாலு. பகலில் பதினாலு, அவள் தூங்கினாலும் பதினாலு. தமயந்திக்கென்று ஒரு மூச்சு இருந்ததே, ஐம்பத்திரண்டு வருஷமாக யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்து போய்க்கொண்டிருந்த மூச்சு, அது இந்தப் பதின்மூன்று நாளில் தேய்ந்து போயிருந்தால்? நான்தானே அந்தக் கோட்டைப் போட்டேன், வருஷம் தவறாமல் போட்டேன், இதற்குத்தானா போட்டேன்.

காலில் ஆரம்பித்தது. பாதம் மதமதவென்று இருக்கிறது என்றாள். அதற்கு முந்தின வாரம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு, அதோடு வந்த அசதிதான், ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டார். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் அவள். மறுநாள் சாம்பார் வாளியைத் தூக்கினவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாளாம். அதற்கடுத்த நாள் முழங்காலுக்கு மேலே ஏறிற்று, அப்புறம் இடுப்பு, கை, நாலாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. நரம்பைத் தாக்குகிற நோய், உடம்பு தன் நரம்பைத் தானே தின்கிறது, ஆனால் திரும்பி வரும், நிறையப் பேருக்குத் திரும்பி வரும், பொறுமையாக இருக்கணும் என்று கண்ணாடி போட்ட டாக்டரம்மா சொன்னாள். அவர் மகள் நித்திலா வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. புத்தி மட்டும் தெளிவாக இருக்குமாம். எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், கண் மட்டும் அசையும். சத்துணவுக் கூடத்தில் நின்று தமயந்தி ஒரு சத்தம் போட்டால் பள்ளிக்கூடத்துப் பின்சுவர் வரைக்கும் கேட்கும், தட்டை எடுத்துட்டு வரிசையா வாங்க என்பாள், ஐந்நூறு பிள்ளையும் வரிசையாக வரும். அந்தத் தொண்டையில்தான் துளை போடலாமா என்று கேட்கிறார்கள். கையெழுத்து அவர்தான் போடணும். புருஷன் என்று எழுதி, கோடு போட்ட இடத்தில்.

பக்கத்துப் பெஞ்சில் முத்துக்கருப்பன் ஆறாவது தாளைக் கட்டின் அடியில் செருகினார். சார் இன்னும் மூணிலேயே நிக்கிறீங்களே என்று தாழ்ந்த குரலில் கேட்டார், நல்ல மனசோடுதான் கேட்டார், வீட்டில் எப்படி இருக்காங்க என்று சேர்த்துக்கொண்டார். பரவாயில்லை என்றார் தெய்வேந்திரன். இந்தப் பரவாயில்லையைப் பதின்மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகிவிட்டது. பக்கத்தைத் திருப்பினார். அடுத்த தாளில் இருபத்தொன்பது என்று நம்பர் மட்டும் போட்டு, அடிக்கோடும் போட்டு, கீழே ஒன்றுமே எழுதாமல் அரைப்பக்கம் வெறுமனே விட்டிருந்தது ஒரு பிள்ளை. எழுதலாம் என்றுதான் இடம் விட்டிருக்கும், அப்புறம் வந்து பார்த்துக்கலாம் என்று. வரவில்லை. அவருக்கு அந்தப் பிள்ளை மேல் பாசம் வந்துவிட்டது, காரணமே இல்லாமல். சைபர் போட மனசு வராமல் போட்டார்.

நேற்று அவரை உள்ளே விட்டார்கள். அதுதான் வினை. அதற்கு முன்னால் இரண்டு தடவை கழற்றிப் பார்த்திருந்தார்கள், இரண்டு தடவையும் நர்ஸுகள் மட்டும்தான் கூட. முதல் நாள் ஆறு நிமிஷம் தாங்கினாள், மறுநாள் பத்தொன்பது நிமிஷம். பத்தொன்பது என்றதும் வராந்தாவில் நித்திலா அழுதேவிட்டாள். அடுத்த நாள், தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்குமே என்று டாக்டரம்மாதான் நல்ல எண்ணத்தில் அவரைக் கூப்பிட்டாள். நீல கவுனை மாட்டிக்கொண்டு போய் நின்றார். மிஷினைக் கழற்றினார்கள். அந்தச் சத்தம் நின்றதும் அறையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தமயந்தி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். நெஞ்சு சின்னதாக ஏறி இறங்கிற்று, படபடவென்று, மேலோட்டமாக, பார்க்கவே பதறிற்று. ஐயையோ, தப்பாக விடுகிறாள், இப்படி விட்டால் களைத்துப் போவாளே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதின்மூன்று நாளாக உடம்பு பழகினது பதினாலு, அதையே பிடித்துக்கொண்டால் சுலபமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. பாழாய்ப்போன கணக்கு. லேபில் ஊசலை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளை எண்ணச் சொல்கிற அதே குரலில், இழு, ஒண்ணு, ரெண்டு, விடு, ஒண்ணு, ரெண்டு, இழு என்று ஆரம்பித்துவிட்டார். அவளும் பாவம், அவர் சொல்படி கேட்டாள். எப்போதுதான் கேட்கவில்லை. படபடப்பு நின்று, நெஞ்சு அவர் குரலுக்கு ஏறி அவர் குரலுக்கு இறங்கிற்று. பார்த்தீங்களா என்று நர்ஸைப் பெருமையாகக்கூடப் பார்த்தார். ஐந்தாவது நிமிஷம் நெற்றியில் வியர்த்தது. ஆறாவது நிமிஷம் மூக்கு விடைத்தது, கண் பெரிதாயிற்று, அந்தக் கண் அவரை விட்டு நகரவே இல்லை. அவர் இன்னும் சத்தமாக எண்ணினார். ஏழாவது நிமிஷம் மணி அடித்தது, டாக்டரம்மா ஓடிவந்து மிஷினை மாட்டினாள். வெளியே கூட்டிவந்து அவள் சொன்னதை அவர் சாகிறவரைக்கும் மறக்க முடியாது.

"சார், அவங்களுக்கு நிமிஷத்துக்கு இருபத்து மூணு, இருபத்து நாலு மூச்சு தேவைப்பட்டிருக்கு. நீங்க பதினாலுக்கு இழுத்துப் பிடிச்சிட்டீங்க. இனிமே எண்ணாதீங்க. அவங்க வேகத்துல விடட்டும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு பொருளை அதன் இயல்பு அதிர்வெண் இல்லாத வேறொரு அதிர்வெண்ணில் ஆட்டினால் வீச்சு குறையும், ஆற்றல் வீணாகும். இது புத்தகத்திலேயே இருக்கிறது, பக்கம்கூடச் சொல்வார். ஒத்ததிர்வு பாடத்துக்கு முந்தின பத்தி. ஐந்நூறு தடவை சொல்லிக்கொடுத்த பத்தியைக் கட்டின பெண்டாட்டியின் நெஞ்சு மேல் வைத்துப் பார்த்தும் அடையாளம் தெரியாத வாத்தியார் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா. படிக்காத ஒரு புருஷன் அந்த இடத்தில் நின்றிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான், அவ்வளவுதான் செய்திருப்பான், அவளும் அரை மணி நேரம் விட்டிருப்பாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது நசுங்கிப் போனதை அப்போதுதான் பார்த்தார்.

மணி பத்து. கைக்கடிகாரத்தில் பெரிய முள் நேராக நின்றது. இப்போது கழற்றுவார்கள். இல்லை, டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுத்தான் வருவாள், பத்து என்றால் பத்தே கால் ஆகும். இல்லை, நேற்றுப் பத்து என்று சொல்லிப் பத்துக்கே கழற்றினார்கள். முதன்மைத் தேர்வாளர் எஸ்தர் ராணி காலையிலேயே அவரிடம் வந்து, நீங்க ஏன் சார் வந்தீங்க, போங்க, உங்க கட்டை நாங்க பிரிச்சுத் திருத்திக்கிறோம், ஆபீஸுல நான் சொல்லிக்கிறேன் என்றார். திருத்தும் முகாமின் அலுவலரும் நேற்றே, தேவைப்பட்டா நாளைக்கும் எடுத்துக்கோங்க என்று சொல்லியிருந்தார். ஒருத்தரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. இந்தச் சின்னப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது அவராக வந்து உட்கார்ந்தது. ஆனால் காலை ஆறு மணிக்கு மகளிடம் போனில் என்ன சொன்னார்? விடமாட்டேங்கிறாங்கம்மா, இயற்பியலுக்கு ஆள் பற்றாக்குறை, வரலைன்னா மெமோ குடுத்துருவாங்க. சரிப்பா, நான் பார்த்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க என்று அந்தப் பிள்ளை அவருக்கே ஆறுதல் சொல்லிற்று. தமயந்தியின் நல்லதுக்காகத்தான் போகவில்லை, நான் இருந்தால் பழையபடி எண்ணத் தோன்றும், வாயை மூடிக்கொண்டு நின்றாலும் என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எண்ணிக்கை ஞாபகம் வரும், அதனால்தான் என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி நிஜம்தான். மிச்சப் பாதி, அந்தக் கண்ணை இன்னொரு தடவை பார்க்கப் பயம். மனுஷன் பயந்து ஓடி வந்திருக்கிறான். ஓடி வந்தது நானாக ஓடி வந்தேனா, அந்தக் கண் என்னைத் துரத்திற்றா, இதற்கு எந்தத் தலைப்பின் கீழ் மார்க் போடுவது. யோசிக்க யோசிக்க அது போன இடத்துக்கே திரும்ப வந்து நின்றது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. அவருடைய மூச்சு அவர் கவனத்தில் சிக்கிக்கொண்டது. இதுநாள் வரைக்கும் அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது, இப்போது இழுத்தால்தான் வருகிறது, விட்டால்தான் போகிறது. இழுக்க மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு திகில். சும்மா இருந்து பார்த்தார். வரவில்லை. நெஞ்சு அடைத்ததும் அவசரமாக ஒன்றை இழுத்தார், அது பாதியில் நின்றது, முழுசாக வரவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றை இழுத்தார். கவனிக்காதே, வேறெதையாவது நினை என்றால் அது மேலும் இறுகிற்று. அறையில் மற்ற ஏழு பேரும் மூச்சுவிடுகிறார்கள், ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. முத்துக்கருப்பன் கொட்டாவி விடுகிறார், அடேயப்பா, எவ்வளவு சுலபமாக விடுகிறார். அவருக்குப் பொறாமையாக இருந்தது. பதின்மூன்று நாள் இப்படித்தான் கிடந்தாளா. இல்லை, இதுகூட இல்லை. இழுக்கலாமா வேண்டாமா என்கிற இந்த அவஸ்தைகூட அவளுக்கு இல்லை. அவளுக்கு இழுக்கணும் என்று தோன்றும்போது மிஷின் தள்ளாது, மிஷின் தள்ளும்போது அவளுக்கு வேண்டியிருக்காது, அதைச் சொல்ல ஒரு விரல்கூட அசையாது. முதல் இரண்டு நாள் மிஷினோடு சண்டை போடுறாங்க என்று நர்ஸ் சொன்னாள். அப்புறம் பழகிட்டாங்க, இப்ப நல்லா ஒத்துழைக்கிறாங்க என்றாள். நல்லது என்று இவர் தலையாட்டினார். தலையாட்டினாரே, எதற்குத் தலையாட்டினார்.

சார் என்று எஸ்தர் ராணி பக்கத்தில் வந்து நின்றார். கையில் தெய்வேந்திரன் திருத்தின இரண்டாவது தாள், பத்து நிமிஷத்துக்கு முன்னால் மேற்பார்வைக்கு எடுத்துப் போனது. இதைக் கொஞ்சம் பாருங்க என்று இருபத்தொன்பதாம் கேள்வியில் விரலை வைத்தார். அந்தப் பிள்ளை இரண்டையும் மாற்றி எழுதியிருந்தது. புறவிசை தொடர்ந்து செயல்பட்டால் அது கட்டற்ற அலைவு, தானே ஆடினால் அது திணிப்பு அலைவு. தலைகீழ். தெய்வேந்திரன் மூன்றுக்கு மூன்று போட்டிருந்தார், அழகாகச் சுழித்து. விடைக்குறிப்பின்படி மாற்றி எழுதினால் சைபர், சந்தேகமே இல்லை. அவருக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இந்த மாதிரி ஒரு தப்பு அவர் கையால் வந்ததில்லை. எஸ்தர் ராணி ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை, நான் திருத்திடுறேன், நீங்க கையெழுத்து மட்டும் வைங்க என்றார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றை அடித்து, சைபர் எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்தார். அந்தப் பிள்ளை தப்பாகத்தான் எழுதிற்றா என்று அப்புறமும் ஒரு யோசனை ஓடிற்று. யாரோ விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குப் பேர் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறது. வீட்டில் என்ன பார்த்ததோ, அதை எழுதியிருக்கும்.

மணி பத்து இருபது. கழற்றியிருந்தால் இருபதாவது நிமிஷம். பத்தொன்பதைத் தாண்டியிருக்கணும். அல்லது ஏழிலேயே மாட்டியிருப்பார்கள், இப்போது அவள் கண்ணை மூடிக் கிடப்பாள், நித்திலா வராந்தாவில் அவர் நம்பருக்கு அடித்துக்கொண்டிருப்பாள், கீழே கூடைக்குள் அந்தப் போன் மற்ற போன்களுக்கு நடுவில் மின்னி மின்னி அணையும். அல்லது வேறு ஏதாவது. அந்த வேறு ஏதாவதுக்குள் மனசு காலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. தாளைத் திருத்து என்று அதட்டிக்கொண்டார். அடுத்த பிள்ளை கட்டற்ற அலைவு என்பது யாரும் தொடாதபோது ஆடுவது என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. அதிர்வெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை, அரை மார்க்குக்கு மேல் கொடுக்க முடியாது.

யாரும் தொடாதபோது. தமயந்தியை அப்படி அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து. ஏதோ ஒரு சாவியை வாங்கச் சத்துணவுக் கூடத்துக்குப் போனார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், கழுவின தரை காய்ந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கவளம், அப்புறம் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பது, கால் ஒன்று சும்மா ஆடுவது, என்னவோ முணுமுணுப்பது, மறுபடி ஒரு கவளம். அவ்வளவு மெதுவாக ஒருத்தர் சாப்பிட முடியும் என்றே அவருக்குத் தெரியாது. வீட்டில் அவள் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம், சீக்கிரம் என்று அவர் வாசலில் செருப்போடு நிற்பார், பின்னால் ஓடி வருவாள். தெருவில் அவர் முன்னால் போவார், பத்தடி பின்னால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். முப்பது வருஷம் எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தான் போனார்கள், அவர் திரும்பிப் பார்ப்பது எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று பார்ப்பதற்குத்தான். அன்றைக்கு அந்தக் கூடத்தின் வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். யாரோ புதுப் பொம்பளை போல இருந்தாள், நன்றாக இருந்தாள். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஏய் சாவி எங்கே என்று கூப்பிட்டார். அவள் கால் நின்றது, முணுமுணுப்பு நின்றது, பாதிச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகவேகமாக எழுந்து வந்தாள். இந்தா வந்துட்டேங்க என்றாள். வேகமாக வருவதுதான் தமயந்தி என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார். அவள் வேகம் எது என்று ஒரு தாளில் கேள்வி வந்தால் அவரால் ஒரு மார்க் வாங்க முடியாது. அப்புறம் பாருங்கள் கொடுமையை, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக நேற்று அவள் அவரைவிட வேகமாகப் போக வேண்டியிருந்தது, இருபத்து மூன்றில் போக வேண்டியிருந்தது, அப்போது பார்த்து மெதுவாகப் போ என்று பிடித்து நிறுத்திவிட்டார்.

பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. ஒன்று நடந்திருக்கும், இல்லை மற்றது நடந்திருக்கும், நடந்து முடிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இங்கிருந்து அவர் வேண்டிக்கொண்டாலும் வேண்டிக்கொள்ளாவிட்டாலும் அந்த நெஞ்சு ஏறினது ஏறினதுதான். கீழே போய், அவசரம், போனைக் கொடுங்கள் என்றால் கொடுத்துவிடுவார்கள். எஸ்தர் ராணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த தாளை இழுத்து வைத்துக்கொண்டார். தெரியாமல் இருக்கிற வரைக்கும் அவள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருக்கலாமே. ஏழாவது தாள், எட்டாவது தாள். இருபத்தொன்பது வரும்போதெல்லாம் ஒரு தடுக்கல், அப்புறம் ஓடும். ஒரு பிள்ளை தூளியை உதாரணம் காட்டியிருந்தது, ஒரு பிள்ளை கோயில் மணியை. தடையுறு அலைவையும் சேர்த்துக் குழப்பி, கடைசியில் எல்லா அலைவும் நின்றுவிடும் என்று முடித்திருந்தது ஒன்று. கேட்காததையெல்லாம் ஏம்மா எழுதுகிறாய் என்று அதன் மேல் எரிச்சல் வந்தது. பத்தாவது தாளின் கூட்டலை மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் வேறு வேறு வந்தது. ஒரு கட்டத்தில் தன் மூச்சு எப்போது பழையபடி ஆயிற்று என்று நினைத்தார், நினைத்ததும் மறுபடி சிக்கிக்கொண்டது. சிரிப்பாகக்கூட வந்தது அவருக்கு, கண்ணில் தண்ணீரோடு. முத்துக்கருப்பன் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குப் பெல் அடித்தது. எல்லாரும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சளசளவென்று பேசிக்கொண்டு இறங்கினார்கள். அவர் பன்னிரண்டாவது தாளை முடித்துக் கட்டைக் கட்டி, நம்பர் சரிபார்த்து, கையெழுத்து வைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியாக இறங்கினார். வாசலில் கூடையைச் சுற்றி வரிசை நின்றது. அவர் முறை வந்தது. போனில் நித்திலாவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்பு. கடைசி அழைப்பு பன்னிரண்டு இருபதுக்கு. பதினொரு தடவை எதற்கு அடிப்பார்கள், நல்லதுக்கு அடிப்பார்களா, கெட்டதுக்கு அடிப்பார்களா. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் ஒதுங்கிப் போய் நம்பரை அழுத்தினார். ஒரு ரிங் முழுசாகப் போகவில்லை, எடுத்துவிட்டாள். அப்பா என்றாள், அப்புறம் அழுகை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகைக்கு நடுவிலேயே அவள் சொன்னாள்: அரை மணி நேரமும் விட்டாங்கப்பா, அரை மணி முடிஞ்சும் டாக்டர் இன்னும் ஒரு மணி நேரம் வச்சுப் பார்த்தாங்க, நல்லா விட்டாங்க, குழாயை எடுத்துட்டாங்கப்பா, துளை வேண்டாமாம், ஒண்ணும் வேண்டாமாம். தெய்வேந்திரன் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி அழுக்காவது தெரியவில்லை. விட்டாளா, தானா விட்டாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தானாத்தாம்ப்பா, நான் பக்கத்துல நின்னேன், ஒரு வார்த்தை பேசலை, அம்மா பாட்டுக்கு விட்டாங்க என்றாள் மகள். அவருக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. வாய்விட்டு அழுதார். போகிற வருகிற வாத்தியார்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவால பேச முடியுதா என்று கேட்டார். தொண்டை கட்டியிருக்காம், காத்து மாதிரிதான் வருது, ஆனா பேசுறாங்க என்றாள். முதல்ல என்ன பேசினா என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அந்தப் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"'உங்கப்பா போயிட்டாரா'ன்னு கேட்டாங்கப்பா."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பா இன்னைக்கு வரவே இல்லம்மான்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாங்க. வெளியில நிக்கிறாரான்னு கேக்குறாங்க. கதவையே பார்த்துக்கிட்டு இருக்காங்கப்பா, கண்ணை மூட மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் தூங்கட்டும்னு டாக்டர் சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கதவை எதற்குப் பார்க்கிறாள் என்று கேட்க நினைத்தார். வரணும் என்று பார்க்கிறாளா, வந்துவிடுவேனோ என்று பார்க்கிறாளா. முப்பது வருஷம் கூட இருந்தவருக்குத் தெரியவில்லை, இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து முத்துக்கருப்பன் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தெய்வேந்திரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் மகளுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் குரலை வைத்துப் பேசினார்.

"போயிட்டேன்னு சொல்லும்மா."